மல்காரிக் வீட்டுக் குழி

ஃபெலிம் மல்காரிக் புதன்கிழமை செத்துப்போனான். வியாழக்கிழமை ஒரு பஸ் நிறைய மல்காரிக்குகள் வந்து இறங்கினார்கள். சாவுக்கு வரவில்லை, அவன் செத்த சேதியே அவர்களுக்குத் தெரியாது. உலக மல்காரிக் குடும்பக் கூடுகை என்று வருஷக்கணக்கில் திட்டம் போட்டு, அமெரிக்காவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் பூர்வீகம் பார்க்க டிரம்சாலா கிராமத்துக்குக் கிளம்பி வந்திருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே பச்சையில் பனியன். முதுகில் ஒரு கழுகு, அதன் காலில் ஒரு வாள். அந்தக் கழுகை லீட்ரிம் மாவட்டத்தில் எவனும் கண்ணால் கண்டதில்லை.

பூர்வீக ஊரில் அந்தப் பெயரோடு மிச்சமிருந்தவள் இனி ஃபெலிமின் தங்கை அட்ராக்டா ஒருத்திதான். கல்யாணம் ஆகாதவள். பள்ளிக்கூடச் சமையலறையில் ஆயுசு முழுக்க உருளைக்கிழங்கு உரித்துவிட்டு, இடுப்பெலும்பு தேய்ந்து வீட்டோடு உட்கார்ந்திருந்தாள். அண்ணன் கூடத்தில் பெட்டிக்குள் கிடக்க, அவளுக்கு இருந்தது ஒரே கவலை. குழியை யார் வெட்டுவது?

டிரம்சாலாவில் குழிவெட்டக் கூலிக்கு ஆள் வைப்பதில்லை. அக்கம்பக்கத்து ஆண்கள் தாங்களாகவே மண்வெட்டியோடு வருவார்கள். அவர்களைக் கூப்பிடவும் கூடாது, காசு கொடுக்கவும் கூடாது. செத்த வீட்டுக்காரன் இடத்தைக் காட்டுவதோடு சரி, மண்ணில் கை வைக்க மாட்டான். இந்த மரியாதை ஊரில் குடிகாரனுக்கும் உண்டு, கோழி திருடினவனுக்கும் உண்டு. மல்காரிக் வீட்டுக்கு மட்டும் கிடையாது. மூன்று தலைமுறையாக அவர்கள் குழியை அவர்களேதான் வெட்டிக்கொண்டார்கள். அப்பாவுக்கும் பிறகு அம்மாவுக்கும் ஃபெலிம் ஒற்றை ஆளாக வெட்டினான். அவனுக்கு வெட்ட வீட்டில் ஆண்பிள்ளை இல்லை.

ஊர்க்காரர்கள் துக்கத்துக்கு வந்தார்கள், வராமல் இல்லை. வாசலில் தொப்பியைக் கழற்றினார்கள், அவள் கையைத் தொட்டு "வருத்தமா இருக்கு" என்று முணுமுணுத்தார்கள், பெட்டியைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஊற்றி வைத்த டீயை ஒருத்தரும் தொடவில்லை. வந்த வேகத்தில் போய்விட்டார்கள். அத்தனை கோப்பை டீயையும் அட்ராக்டா சாக்கடையில் கொட்டினாள். பார்க்கப்போனால் இவர்கள் வராமலே இருந்திருக்கலாம் என்று அவளுக்கு வயிறெரிந்தது.

இந்த லட்சணத்தில்தான் டாக்டர் ராண்டல் மல்காரிக் வந்து சேர்ந்தான். ஒஹையோவில் பல் வைத்தியன், கூடுகையின் தலைவன். சாவு வீட்டு வாசலில் நின்றுகொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"கசின் அட்ராக்டா!" என்று அவளைக் கட்டிக்கொண்டான். இடுப்பு வலியில் அவளுக்கு உயிர் போயிற்று. "என்ன துரதிர்ஷ்டம் பாருங்க. ஆனா என்ன ஒரு பாக்கியம் பாருங்க. கடைசி மல்காரிக்கோட முகத்தைப் பார்க்க நாங்க சரியான நேரத்துக்கு வந்திருக்கோம்."

"கடைசி மல்காரிக் நான்தான். இன்னும் உசுரோடதான் இருக்கேன்" என்றாள் அட்ராக்டா.

"கடைசி ஆண்வாரிசு, அதைச் சொல்றேன்" என்று திருத்திக்கொண்டு, கக்கத்தில் வைத்திருந்த சுருளைப் பிரித்தான். உலகப் படம். அதில் அம்மைத் தழும்பு மாதிரி சிவப்புப் புள்ளிகள். விரிக்க வேறு இடம் கிடைக்கவில்லை போலும், பெட்டியின் கால்மாட்டில் விரித்துவிட்டான்.

"உலகத்துலயே நம்ம பேர்ல முந்நூறு பேருக்கு மேல தேறாது, கசின். அவ்வளவு அபூர்வமான பேர். ஒஹையோல இவ்வளவு, மெல்போர்ன்ல இவ்வளவு, டாஸ்மேனியால ஒரு குடும்பம். ஆனா எல்லா வம்சக் கோடும் வந்து சேர்ற இடம் இந்த ஒரே ஊர்தான். ராஜாவுக்கு வைத்தியம் பார்த்த பரம்பரை நாம. என் கையே சாட்சி, பல் பிடுங்கினா நோயாளிக்கு வலியே தெரியாது."

ஃபெலிமின் பற்களைப் பிடுங்கியவன் சந்தைக்கு வரும் குதிரை வியாபாரி. ராஜ வைத்தியப் பரம்பரை அதையாவது வந்து செய்திருக்கலாம். அட்ராக்டா, ராண்டலோடு வந்து எதிரே நின்ற இளவட்டங்களின் தோள்களை எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல தீனி தின்று வளர்ந்த தோள்கள். ஊரைக் கூப்பிட முடியாது, ஆனால் இவர்கள் ரத்தம் என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள் ஆயிற்றே. வாழ்க்கையில் யாரிடமும் ஒரு துரும்பு கேட்காதவள் வாயைத் திறந்து கேட்டாள்.

"சனிக்கிழமை அடக்கம். காலையில குழி வெட்டணும். நாலு பசங்களைக் கொடு."

ராண்டலின் கண் கலங்கிவிட்டது. "பெருமையா இருக்கு கசின். நம்ம மண், நம்ம கை." நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சொன்னவன், வெளியே போய் யாரிடமோ போனில் பேசிவிட்டுத் திரும்பி வந்தான். "ஒரு சின்ன விஷயம். இன்சூரன்ஸ் பார்க்கணும். யாருக்காவது முதுகு பிடிச்சுக்கிட்டா பிரச்சினை. நான் ஒரு பொக்லைன் ஏற்பாடு பண்ணிடறேனே?"

"கல்லறைத் தோட்டத்துச் சுவர் வாசல்ல ஒரு ஆடு நுழையவே யோசிக்கும். பொக்லைன் எப்படி நுழையும்?"

"அப்போ அடையாளத்துக்குச் செய்வோம். எல்லாரும் அவங்கவங்க ஊர் மண்ணைப் பையில கொண்டுவந்திருக்காங்க. ஆளுக்கு ஒரு பிடி போடுவோம்."

"குழிக்குள்ள போடத்தானே மண்ணு? முதல்ல குழி வேணும்" என்றாள் அவள். ராண்டல் அதற்கும் சிரித்து, வெள்ளிக்கிழமை விருந்தில் அறிவித்து ஆள் சேர்த்துத் தருவதாக வாக்குக் கொடுத்தான்.

வெள்ளிக்கிழமை மாலை பெட்டியை மாதா கோயிலுக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். அங்கிருந்து அட்ராக்டா கறுப்புக் கோட்டோடு நேரே விருந்து நடந்த ஹோட்டலுக்குப் போனாள். விருந்து சாப்பிட அல்ல, நாலு ஜோடிக் கைக்காக.

மேடையோரத்தில் அக்கார்டியன் வாசித்துக்கொண்டிருந்தவன் ஆம்ப்ரோஸ் டார்பி. அவளுடைய அடுத்த வீட்டுக்காரன். அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன், படித்த காலத்திலும் அவளிடம் பத்து வார்த்தை பேசாதவன். ஹோட்டல்காரன் கூப்பிட்டால் எந்த விருந்துக்கும் வாசிப்பான். ஒரு டார்பியை உட்கார வைத்து மல்காரிக்குகளுக்கு வாசிக்கச் சொல்லியிருக்கிறோம் என்பது அந்தப் பச்சைப் பனியன்களில் ஒன்றுக்கும் தெரியாது. அவன் முகத்தை மரம் மாதிரி வைத்துக்கொண்டு வாசித்தான்.

ராண்டல் எழுந்தான். திரையில் புள்ளிகள் மின்ன, ராஜ வைத்தியர்களையும் கழுகையும் வாளையும் பற்றி அளந்தான். கேட்டவர்கள் முழுங்கிய சால்மன் மீனைவிட அதிகமாக அவன் புளுகை முழுங்கினார்கள். ஃபெலிம்தான் கடைசிக் குலத்தலைவன் என்றான். மாட்டுக் கொட்டகையிலேயே வாழ்ந்து தேய்ந்த ஃபெலிம்! அந்தப் பட்டம் காலியாகிவிட்டதால் கனத்த மனதோடு தானே ஏற்பதாகச் சொல்லி, தோளில் ஒரு பச்சை அங்கியையும் போட்டுக்கொண்டான். அவன் உயரத்துக்கு முன்கூட்டியே அளவெடுத்துத் தைத்த அங்கி.

"நம்ம முன்னோர் ஏன் சிதறினாங்க? பஞ்சம் ஒரு காரணம். ஆனா முக்கியமான காரணம் வீர ரத்தம். ஒரே இடத்துல உட்கார முடியாத ரத்தம்" என்றான். கைதட்டல் அடங்கியதும், "நாளைக்குக் காலையில கசினுக்கு உதவி வேணுமாம். விருப்பமிருக்கறவங்க என்கிட்ட வாங்க. கடற்கரைப் பாறை பார்க்கப் போற பஸ் விடிஞ்சதுமே கிளம்பும், மதியம் அடக்கத்துக்குத் திரும்பிடலாம்" என்றான்.

ஒருத்தனும் அசையவில்லை. ஒரு பையன் கைத்தொலைபேசியில் பாறையின் படத்தைத் தேடிக்கொண்டிருந்தான்.

அட்ராக்டாவுக்கு உச்சி முதல் உள்ளங்கால்வரை எரிந்தது. இந்தக் கும்பலிடமா கை நீட்டினோம் என்று தன்மேலேயே அருவருப்பு வந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"வைத்தியராவது, வாளாவது. அந்தப் புள்ளியெல்லாம் என்னன்னு நான் சொல்றேன், கேட்டுக்கோங்க. நாம ஓடி ஒளிஞ்ச இடம். இந்த ஊர்ல டார்பின்னு ஒரு விதவை இருந்தா. குத்தகை கட்ட முடியலேன்னு துரையோட ஆளுங்க அவளையும் பிள்ளைகளையும் மழையில வெளியே தள்ளிக் கதவை உடைச்சாங்க. அந்த நிலத்தை யாரும் எடுக்கக் கூடாதுன்னு ஊரே கட்டுப்பாடு வெச்சிருந்தது. எங்க கொள்ளுத்தாத்தா போய் எடுத்தார். அவ அடுப்புல சாம்பல் ஆறறதுக்குள்ள எடுத்தார். அதுக்கப்புறம் ஊர்ல யாரும் அவர்கிட்ட பேசல, கடைக்காரன் மாவு கொடுக்கல, கொல்லன் குதிரைக்கு லாடம் அடிக்கல. அவரோட கூடப்பிறந்தவங்களும் பிள்ளைகளும் வெளியே தலைகாட்ட முடியாம கப்பல் ஏறினாங்க. அவங்க வம்சம்தான் நீங்க. முக்கால்வாசிப் பேர் கரை இறங்கறதுக்குள்ள பேரையே மாத்திக்கிட்டாங்க. அதனாலதான் முந்நூறு பேர். அபூர்வமான பேரெல்லாம் இல்ல, யாருக்கும் வேண்டாத பேர். அந்த டார்பி நிலத்துல விளைஞ்ச உருளைக்கிழங்கைத்தான் நான் இன்னிக்கும் திங்கறேன்."

ராண்டல் கைதட்டினான். எல்லோரும் சேர்ந்து தட்டினார்கள்.

"அற்புதம். வாய்வழி வரலாறுங்கறது இதுதான். யாராவது ரெக்கார்ட் பண்ணீங்களா?" என்று கேட்டான் அந்த மடையன்.

ஆம்ப்ரோஸ் டார்பி அக்கார்டியனை மடக்கிப் பெட்டியில் வைத்தான். அவள் பக்கம் திரும்பாமலே வெளியே நடந்தான். நல்ல காரியம் செய்தாய் அட்ராக்டா, அடுத்த வீட்டுக்காரன் மானத்தையும் சேர்த்து வாங்கினாய் என்று தன்னைத் திட்டிக்கொண்டே அவள் வீடு திரும்பினாள்.

சனிக்கிழமை கிழக்கு வெளுக்கும்போது அட்ராக்டா ஃபெலிமின் மண்வெட்டியை ஊன்றுகோலாக வைத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தாள். ஊர் கண் விழிக்கும் முன்னால் முடிந்த அளவு வெட்டிவிடுவது, முடியாவிட்டால் அந்தக் குழியிலேயே விழுந்து கிடப்பது என்று முடிவு. மல்காரிக் வீட்டு வழக்கமே அதுதான். யாரும் வரவில்லை என்பதை நாலு பேர் பார்க்க விடக்கூடாது.

சுவர்மேல் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆம்ப்ரோஸும் அவன் தம்பிகளும். ஆளுக்கொரு மண்வெட்டி. காலணியெல்லாம் பனியில் ஊறியிருந்தது.

"எந்த இடம்?" என்றான் ஆம்ப்ரோஸ்.

அப்பாவின் கல்லுக்குப் பக்கத்தைக் கையால் காட்டினாள்.

"இவ்வளவு சீக்கிரமாவா வருவீங்க?" என்று கேட்டாள், வேறு கேட்கத் தெரியாமல்.

"மல்காரிக்குங்க இருட்டோட வருவாங்கன்னு தெரியும். ஒரு தடவை ஏமாந்தாச்சு. அதான் மூணு மணிக்கே வந்து குந்திட்டோம்."

"என்ன ஏமாந்தீங்க?"

ஆம்ப்ரோஸ் மண்வெட்டியைப் புல்லில் குத்தி நிறுத்தினான். "உங்கப்பா செத்தப்போ எங்கப்பா வந்தாரு. நானும் கூட வந்தேன், மீசை முளைக்காத வயசு. காலைப் பூசை முடிஞ்சு, மண்வெட்டியைத் தோள்ல போட்டுக்கிட்டு ஏழெட்டுப் பேரா வந்தோம். பகை வேற, குழி வேறன்னு சொல்லித்தான் எங்கப்பா எல்லாரையும் திரட்டினாரு. வந்து பார்த்தா குழி தயாரா இருக்கு. வேலை முடிஞ்சதுங்கற அடையாளமா மேல மண்வெட்டியும் கடப்பாரையும் குறுக்கே போட்டிருக்கு. எங்கப்பா அதைப் பார்த்துக்கிட்டே நின்னாரு. நம்ம கை பட்டா தீட்டுன்னு நினைக்கறாங்க போலன்னு சொல்லிட்டு வீட்டுக்கு நடந்தாரு. உங்கம்மா செத்தப்போ யாரையும் வரவேண்டாம்னுட்டாரு."

"நீங்க வர மாட்டீங்கன்னுதானே ஃபெலிம் வெட்டினான்" என்றாள் அட்ராக்டா. "வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்க சொன்னீங்களா?"

அவள் சொல்லவில்லை. ஃபெலிமும் சொல்லவில்லை. அம்மாதான் அன்றைக்கு அவனை இருட்டோடு எழுப்பினாள். அட்ராக்டா லாந்தர் பிடித்தாள். அவன் தனியாக வெட்டிக்கொண்டே அழுதான், அழுதுகொண்டே வெட்டினான், இரண்டு உள்ளங்கையும் கிழிந்து பிடியெல்லாம் ரத்தம். அந்த ரத்தத்துக்காக அவள் இந்த ஊரை ஆயுசு முழுக்க வெறுத்தாள். ஃபெலிமும் வெறுத்தான். அவன் சந்தைக்குப் போனால் யாரோடும் பேசாமல் திரும்புவான், பெண் கேட்டுப் போக மாட்டான், கேட்டால் கொடுக்க மாட்டார்கள் என்பான். ஆனால் இதற்கெல்லாம் முன்னால், அன்று காலையே ஏழெட்டுப் பேர் மண்வெட்டியோடு இந்தச் சுவர்வரைக்கும் வந்திருக்கிறார்கள். ஃபெலிம் இன்னும் இரண்டு மணி நேரம் தூங்கியிருந்தால் போதும்.

"பைத்தியக்காரா" என்றாள் அட்ராக்டா, அண்ணனுக்கான இடத்தின் வெறும் புல்லைப் பார்த்து. சுவரைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

நாலு பேரும் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்கள். அழுது ஓய்ந்ததும் ஆம்ப்ரோஸ் அவள் கையிலிருந்த மண்வெட்டியை மெதுவாக வாங்கினான்.

"நேத்து எங்க பாட்டன் வீட்டுக்கு நடந்ததை அத்தனை பேர் முன்னால சொன்னே. எங்க வீட்டுலயே அதைச் சத்தமா சொன்னதில்ல. சரி, கிளம்பு. வீட்டுக்காரங்க பக்கத்துல நிக்கக் கூடாது."

அதுகூட அவளுக்கு நினைவில்லை. குழி வெட்டும் நேரத்தில் வீட்டில் இருக்கும் பெண்கள் என்ன செய்வார்கள் என்று யோசித்தாள். ஊரில் மற்ற வீடுகளில் பன்றி இறைச்சி வதங்கும் வாசனை வரும், ரொட்டி சுடுவார்கள், மேஜையில் தட்டு வைப்பார்கள். அவள் வீட்டில் நாலு தட்டு ஒரே மாதிரி இருக்கிறதா என்பதே சந்தேகம்.

சாலைக்கு வந்தபோது பாறை பார்க்கப் போகும் பஸ் அவள் பக்கத்தில் நின்றது. ராண்டல் ஜன்னல் வழியே தலையை நீட்டினான். கல்லறைத் தோட்டத்துக்குள்ளே எட்டிப் பார்த்து, சுவருக்கு அப்பால் குனிந்து நிமிரும் முதுகுகளைக் கண்டான்.

"ஆள் கிடைச்சாச்சா கசின்? பிரமாதம். யாரு அவங்க, நம்ம ஆளுங்களா?"

"ஆமா" என்றாள் அட்ராக்டா. "எங்க பக்கத்து வீட்டுக்காரங்க. வழியை விடு, அவங்களுக்கு நான் சமைக்கணும்."