கடைவீதிச் சங்கிலி

1904 ஆகஸ்டு 9, செவ்வாய். மாட்டு வண்டிக்கு மட்டும்தான் தடை என்று சம்பங்கி அண்ணனிடம் நேற்றுச் சொன்னேன். அது தவறு.

எழுதிவிட்டு ஜெயகரன் நிறுத்தினான். தினமும் பத்து வரியாவது எழுத வேண்டும் என்று இராப்பள்ளி வாத்தியார் சொல்லியிருந்தார். இதற்குப் பத்து வரி போதுமா என்று அவனுக்குத் தெரியவில்லை.

ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதி முனையில் புதிதாகக் கல் தூண்கள் நட்டுச் சங்கிலி கட்டியிருந்தார்கள். வண்டிகள் வெளியே நிற்க வேண்டும்; சனங்கள் நடந்து போய் வாங்க வேண்டும். சம்பங்கிக்கு நடக்கக் கால் இல்லை. தங்கச் சுரங்கத்தில் பாறை சரிந்து இரண்டும் போன பிறகு, சக்கரம் வைத்த பலகையில் கையால் உந்திப் போய், நடுவீதியில் வெற்றிலை விற்றான். ஷிப்டுக்கு இறங்குகிறவர்கள் சுரங்கத்துக்குள் மென்றுகொள்ள வெற்றிலையை அவனிடம்தான் வாங்குவார்கள். ஷிப்டுச் சங்கு ஊதுமுன் போய் உட்காராவிட்டால் அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரியாது.

காலையில் இருவரும் வந்தபோது, சங்கிலிக்குக் காவல் நின்ற சேவகன் நாகேஷ் பலகையின் மேல் காலை வைத்துத் தடுத்தான். சக்கரம் உள்ள எதுவும் உள்ளே போகக் கூடாதாம். ஜெயகரன் தனக்குத் தோன்றிய நியாயத்தையெல்லாம் வரிசையாகச் சொன்னான். நாகேஷ் பொறுமையாகக் கேட்டான்; காலை மட்டும் எடுக்கவில்லை. அப்போது ஓர் ஆயா துரைசானியின் குழந்தையைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தாள். அவன் ஓடிப்போய்ச் சங்கிலியை அவிழ்த்துவிட்டு, சலாம் வைத்து, திரும்பி வந்து பலகையை மிதித்துக்கொண்டான்.

"இன்னா நாகேசு, அதுக்குச் சக்கரம் இல்லியா?" என்றான் சம்பங்கி.

"அது கொழந்தண்ணா."

"நான் மட்டும் நடக்கவா செய்றேன்?"

நாகேஷுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போங்கண்ணா, உள்ள வுட முடியாது. மேலே தெரிஞ்சா என் வேல பூடும்."

சம்பங்கி ஜெயகரனைப் பார்த்தான். "படிக்கிற புள்ள சொல்றியேன்னு வந்தேன், தம்பி." அதில் கோபம் இல்லை.

வேறு வழி தெரியாமல் ஜெயகரன் குனிந்தான். சம்பங்கி அவன் முதுகில் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டான். வெற்றிலைக் கூடை ஜெயகரனின் முழங்கையில் தொங்கிற்று. பாதி வீதி போவதற்குள் சங்கு ஊதிவிட்டது. சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்டுக்கு ஓடியவர்கள் வேறெங்கோ வாங்கிய வெற்றிலையை மடித்துக்கொண்டே விலகி வழிவிட்டார்கள்.

இறக்கிவிட்டு, பலகையை எடுக்கத் திரும்பி வந்தபோது, நாகேஷ் சம்பங்கியின் பலகையில் உட்கார்ந்து, தூணில் சாய்ந்து கால் நீட்டியிருந்தான்.

ஜெயகரன் வரிகளை எண்ணவில்லை. கடைசியாக எழுதினான்: நாளைக்குச் சங்கு ஊதுவதற்கு வெகுநேரம் முன்பே போய் அண்ணனைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.