விளக்கு எரியாத தெரு

அமெரிக்காவிலிருந்து சி.டி.யில் வந்த படத்தை, கலெக்டர் ஆபீஸில் வேலை பார்க்கும் அன்புச்செல்வி மூன்று நாள் கம்ப்யூட்டரில் வைத்துப் பார்த்தாள். தொண்ணூற்றேழு கடைசியில் கலவரத்துக்காகப் போட்ட முதல் ஊரடங்கின்போது செயற்கைக்கோள் எடுத்த கோயமுத்தூரின் ராத்திரிப் படம். எப்போதும் பளிச்சென்றிருக்கும் உக்கடம் குளத்துப் பக்கம் கரேலென்று கிடந்தது. கரண்ட் போகவில்லை என்று மின்வாரியத்தில் கேட்டு உறுதி செய்துகொண்டாள். அப்புறம், 'இருண்ட பகுதிகளில் மக்கள் வெளியேறிவிட்டனர்' என்று அறிக்கை எழுதினாள். ஆபீஸ் வாசலில் டவுன் பஸ் ஏறினால் உக்கடம் இருபது நிமிஷம். போய்ப் பார்க்கத் தோன்றவே இல்லை. வானத்திலிருந்து எடுத்த படம் பொய் சொல்லுமா என்ன? எல்லோரும் பாராட்டினார்கள். அடுத்த ஊரடங்கில் பால் வேன் எங்கெங்கே போக வேண்டும் என்ற பட்டியலையும் அதை வைத்தே போட்டார்கள்.

தொண்ணூற்றெட்டு பிப்ரவரியில் அடுத்த ஊரடங்கு வந்தது. இரண்டாம் நாள் காலை, பெரியநாயக்கன்பாளையத்தில் அவள் வீட்டுப் போன் அடித்தது. ஆபீஸ் ஜீப் டிரைவர் நாகூர் மீரான், உக்கடத்திலிருந்து.

"அம்மணி, ஆஸ்பத்திரிக்குப் போன மக ஊரடங்குல அங்கயே மாட்டிக்கிட்டாளுங்க. பேரனுக்கு ஆறு மாசம். நேத்துலருந்து சர்க்கரைத் தண்ணிதானுங்க. பால் வேன் எங்க தெருவுக்குள்ள வராமயே போகுதுங்க. ஆபீஸுல ஒரு வார்த்தை சொல்லுங்க."

"நீங்க அங்கேயேதான் இருக்கீங்களா பாய்? போன தடவையும்?"

"வேற எங்கீங்க போறது? பயத்துல லைட்டெல்லாம் அணைச்சுப்போட்டு உள்ளயே கெடந்தோமுங்க. ஊட்டப் பூட்டிட்டுப் போனவங்கதான், ஆள் இருக்கிறாப்புல லைட்டப் போட்டுட்டுப் போனாங்க. அந்தத் தெருவுலதான் இப்பப் பால் பாக்கெட்டு வாங்க ஆளில்லாமக் கெடக்குதுங்க."

சர்ச்சுக்குக் கிளம்பினாலும் அன்புச்செல்வியின் அம்மா வாசல் லைட்டைப் போட்டுவிட்டுத்தான் வீட்டைப் பூட்டுவாள். பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பதுதான்.

நிவாரணப் பிரிவுக்குப் போன் போட்டாள். ஏழாவது தடவைதான் லைன் கிடைத்தது.

"லிஸ்டுல இல்லாத எடத்துக்கு வண்டி விட முடியாதுங்க மேடம். நீங்க எழுதிக் குடுத்ததுதானுங்களே" என்றார் கிளார்க் பாலுசாமி, மரியாதை குறையாமல்.

"தப்பா எழுதிட்டேனுங்க" என்று கெஞ்சினாள். திருத்தி எழுதி நேரில் கொண்டுவந்து கொடுக்கச் சொன்னார். ரோட்டில் பஸ் இல்லை, போலீஸ்தான் நின்றது.

மத்தியானம் மீரான் மறுபடி கூப்பிட்டார். "சொன்னீங்களா அம்மணி?"

"சொன்னேன் பாய். அங்க ஆளே இல்லைன்னு யாரோ எழுதிக் குடுத்திருக்காங்களாம்."

யாரோ என்று சொல்லும்போது அவளுக்கு நாக்கு கூசியது. மீரானுக்குக் கோபம்கூட வரவில்லை.

"ஒருக்கா வந்து பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்குமுங்களே" என்றார். பின்னால் குழந்தை அழுதுகொண்டிருந்தது.