சந்து வழியாக

“ஆர்ச் தெரு வேண்டாம் மாமா. சந்து வழியா போயிடலாம்” என்றாள் கெசியா.

சவப்பெட்டியின் முனையைத் தூக்கக் குனிந்திருந்த யோஸ்ட் நிமிர்ந்தார். அவள் அப்பாவோடு ஒரே பட்டறையில் பீப்பாய் செய்தவர். பெட்டி தூக்க வந்த மற்றவர்கள் குனிந்தபடியே காத்திருந்தார்கள்.

“சந்து வழியாவா? மீன்காரன் குப்பை கொட்டற எடம்மா அது. உங்கப்பன் பெரிய தெருவுல, நாலு பேர் தொப்பி கழட்ட, கௌரவமா போக வேண்டிய மனுஷன்.”

“ஆர்ச் தெருவுலதானே தம்பி வீடு இருக்கு.”

“இருந்தா என்ன? சன்னல்ல நின்னு பாத்துக்கட்டுமே.”

“பாத்துட்டு சும்மா நிப்பானா? எறங்கி ஓடி வந்துடுவான். எதிர்ப்பக்கம் சாராயக்கடை பெஞ்சுல டாட்லோ உக்காந்திருக்கான்.”

டாட்லோ, கடன் கட்டாதவர்களைப் பிடித்துப் போகும் ஷெரீபின் ஆள். அந்தப் பெயரைக் கேட்டதும் யோஸ்ட் மறுபடி குனிந்து பெட்டியைப் பிடித்தார்.

அந்த வருடம் பிலடெல்பியாவில் கதவு திறக்காத வீடுகள் நிறைய இருந்தன. அலெகேனி ஆற்றுக்கு அப்பால் கிடக்கும் காட்டைக் கண்ணால் பார்க்காமலே வாங்கி, அதைப் பார்க்காத இன்னொருவன் தலையில் கட்டிவிட்டால் பணக்காரனாகிவிடலாம் என்று ஊரே அலைந்தது. தலையில் கட்ட ஆள் தீர்ந்துபோனபோது கையில் வெறும் பத்திரத்தோடு நின்றவர்களில் கெசியாவின் தம்பி லெமுவேலும் ஒருவன். கடனுக்காகப் பிடிக்க வருகிறவன் வாசல் கதவை உடைத்து உள்ளே போகக் கூடாது என்பது சட்டம். ஆனால் கடன் வாங்கியவன் வெளியே கால் வைத்துவிட்டால், மேலே ஒரு விரல் பட்டால் போதும், கைதுதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் யாரும் யாரையும் தொடக் கூடாது. அன்றைக்குக் கடன்பட்டவர்களெல்லாம் கோட்டு மாட்டிக்கொண்டு ஆற்றங்கரையில் காற்று வாங்குவார்கள். ஞாயிற்றுக்கிழமைத் துரைகள் என்று ஊரில் அவர்களுக்குப் பெயர்.

லெமுவேலும் ஞாயிறு தவறாமல் வந்து அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவான். ஆனால் அப்பா செத்தது புதன்கிழமை விடியலில். ஆடுமாடு கூட நிழலை விட்டு நகராத ஜூலை வெயில். ஞாயிறு வரைக்கும் எந்தப் பிணத்தையும் வைத்திருக்க முடியாது.

முந்தின நாள் சாயங்காலமே அப்பாவுக்கு அது தெரிந்திருந்தது. வாய் ஒரு பக்கம் கோணிப் போயிருந்தாலும் வார்த்தை புரிந்தது.

“ஞாயித்துக்கெழமை வரைக்கும் தாங்க மாட்டேன் போலிருக்கு கெசியா.”

“அப்படியெல்லாம் பேசாதீங்கப்பா.”

“அவனை வெளிய வர விடாதே. ஜெயில்ல ஜுரம்னு சொல்றாங்க. நான் எப்படியும் போறவன். எனக்காக அவனும் போக வேண்டாம்.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சிரிக்கப் பார்த்தார். “நானும் நிலக்காரன்தான். ஆத்துக்கு அப்பால எனக்கு ஒரு மலையே கெடக்கு. நீங்க என்னடான்னா ஆறடியில போடப் போறீங்க.”

பட்டறையில் தன் பங்கை விற்று மகனுக்குக் கொடுத்த மனிதர் அவர். கெசியாவின் கல்யாணத்துக்கென்று இருந்ததும் அந்த மலைக்குத்தான் போயிற்று. தம்பி மேல் அவளுக்குக் கோபம் உண்டு. எவ்வளவு கோபம் என்றால், சில நாள் அவன் எதிரில் அவளால் உட்காரக்கூட முடியாது. ஆனால் இந்தக் கோடையில் ஜெயிலுக்குள் நடந்து போனவர்களில் சிலர் பலகையில்தான் திரும்பி வந்தார்கள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அவனை வெளியே வர விட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாள்.

பெட்டி கிளம்பியது. சர்ச்சில் மணி அடிக்கத் தொடங்கியது. சந்து வழுக்கியது, யாரோ ஒருவர் தடுமாற, பெட்டி ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. “பாத்து, பாத்து” என்று யோஸ்ட் அதட்டினார். ஒரு பெண் காயப்போட்ட துணிகளை அவசரமாக உருவி வழி விட்டாள். தொப்பி கழட்ட அங்கே யாரும் இல்லை. ஆர்ச் தெருவுக்குத் திறக்கும் ஒவ்வொரு இடைவெளியிலும் கெசியாவின் கண் அந்தப் பக்கமே போயிற்று. ஒவ்வொன்றாகத் தாண்டினார்கள். கடைசி இடைவெளியும் தாண்டியதும்தான் அவளுக்கு மூச்சு வந்தது.

அப்போது பின்னால் யாரோ ஓடி வரும் சத்தம் கேட்டது.

லெமுவேல்தான். கறுப்புக் கோட்டின் பொத்தான்கள் எல்லாம் போட்டிருந்தான். கழுத்துத் துணியை ஒழுங்காகக் கட்டியிருந்தான். ஒரு காலில் வீட்டுக்குள் போடும் துணிச்செருப்பு. மற்றதை எங்கேயோ விட்டுவிட்டு, வெறும் காலுறையோடு சேற்றில் நின்றான்.

“ஏன்க்கா இந்த வழியா வந்தீங்க?”

“நீ ஏன்டா வெளிய வந்தே? நீ எறங்கி வந்துடக் கூடாதுன்னுதானே இந்த நாத்தத்துல அவரைத் தூக்கிட்டு வர்றேன்!”

“நான் வர்றதாவே இல்லக்கா. சன்னலத் திறந்து வெச்சுட்டு நின்னேன். தாண்டிப் போறப்ப ஒரு தடவ பாத்துக்கலாம்னு. மணி அடிக்குது, அடிச்சுக்கிட்டே இருக்குது, உங்களைக் காணோம்.” பெட்டியைப் பார்த்தான். “என் வீட்டு வழியா தூக்கிட்டுப் போகாதேன்னு அப்பா சொல்லிட்டாரோன்னு நெனச்சேன். எம்மூஞ்சில முழிக்க வேண்டாம்னு.”

கெசியா அவன் காலைப் பார்த்தாள். தெருவில் இறங்க நினைத்தவன் அந்தச் செருப்பையா போட்டிருப்பான்? “இல்லடா, அப்பா அப்படிச் சொல்லல. சத்தியமா சொல்லல” என்றாள்.

அதற்குள் டாட்லோ வந்துவிட்டான். கனத்த உடம்பு, வேர்த்து ஊற்றியது. லெமுவேலின் இடது தோளில் கையை வைத்தான்.

“லெமுவேல் பெனல்.” மூச்சு வாங்கினான். “வாரன்ட் இருக்குங்க ஐயா.”

“மண்ணு போட்டுட்டு வந்துடறேன்.”

“போடுங்க. நானும் கூட வர்றேன். ஆனா கையை எடுக்க மாட்டேன், கோவிச்சுக்காதீங்க. உங்களை விட்டுட்டேன்னா உங்க கடனை எந்தலையில கட்டிருவாங்க. நான் புள்ளகுட்டிக்காரன்.”

யோஸ்ட் தன் இடத்தை விட்டு விலகினார். லெமுவேல் அங்கே போய்ப் பெட்டிக்கு வலது தோளைக் கொடுத்தான். இடது தோளில் டாட்லோவின் கை இருந்தது. சந்து குறுகலாக இருந்ததால் டாட்லோ சில இடங்களில் சுவரோடு ஒட்டி, பக்கவாட்டில் நடந்து வந்தான்.

கல்லறைத் தோட்ட வாசலில் டுரூசில்லா அத்தை நின்றிருந்தாள். அண்ணன் படுத்த சேதி கேட்டு லங்காஸ்டரிலிருந்து வண்டி பிடித்து, அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நேரே இங்கே வந்தவள். காட்டு நிலத்தைப் பற்றியோ கடனைப் பற்றியோ அவளுக்கு யாரும் எழுதியதில்லை. கெசியாவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

குழியில் பெட்டியை இறக்கினார்கள். லெமுவேல் குனிந்து மண் அள்ளியபோது டாட்லோவும் கூடவே குனிந்தான். தொப்பியை மற்ற கையில் பிடித்து மார்போடு அணைத்திருந்தான். லெமுவேல் மண்ணைப் போட்டான். பிறகு நிமிராமல் அப்படியே உட்கார்ந்து அழுதான். டாட்லோவும் பக்கத்தில் முழங்காலிட்டான்.

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர்களையே பார்த்தாள்.

“யாரு கெசியா அது, லெமுவேல் கூட?”

“தெரிஞ்சவர்தான் அத்தை.”

“நல்ல மனுஷன். வந்ததுலேருந்து பாக்கறேன், அவன் தோள்லேருந்து கையை எடுக்கவே இல்ல.”

“ஆமா அத்தை” என்றாள் கெசியா. “எடுக்க மாட்டார்.”