ரப்பர் பாண்டுக்கு இந்தப் பக்கம்

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவளுக்குப் பகலெல்லாம் வாய் ஓயாது. "இது தெளிவா இருக்கா? இப்போ?" என்று ஊரார் கண்ணையெல்லாம் விசாரிப்பாள். வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போனால் அந்த வாய்க்கு வேலையில்லை. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அந்த இரண்டு அறைகளில் பேசுவது குழாய் ஒன்றுதான். அதுவும் சொட்டுச் சொட்டாக. சாயங்காலம் மேல்வீட்டுக்காரர் படியேறும்போது மட்டும் அவள் காது தன்னால் நிமிரும். காலடி கதவைத் தாண்டிப் போய்விடும்.

தங்கைதான் அவளை அந்த இணைய வாசகர் வட்டத்தில் கோத்துவிட்டாள். "செவுத்தோட பேசற நேரத்துக்கு மனுஷங்களோட பேசுக்கா."

சேர்ந்தாளே ஒழிய, மாதா மாதம் "எனக்கும் அதேதான் தோணுச்சு" என்பதற்கு மேல் அவள் பேசியதில்லை.

வட்டத்தை நடத்தியவர், பதிப்பகத்தில் பிழை திருத்தி ஓய்வுபெற்ற ஓர் அம்மாள். பிழையே விடாத அவருக்குப் 'பிழையம்மா' என்று பேர். அங்கே ஒரு வழக்கம் உண்டு. புத்தகத்தின் பாதியில், அவர் சொல்லும் பக்கத்தில் எல்லோரும் நிறுத்திவிட வேண்டும். மீதியை ரப்பர் பாண்டு போட்டுக் கட்டிவிட்டு, அடுத்த பக்கத்தை அவரவரே எழுதிப் பார்க்க வேண்டும். எழுதியதை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. பிறகு ரப்பரைக் கழற்றி, எழுத்தாளர் என்ன செய்திருக்கிறார் என்று படித்துவிட்டு, மாதக் கடைசியில் கணினித் திரையில் கூடிப் பேசுவார்கள்.

"அப்புறம் என்ன ஆச்சுன்னு கேக்காதீங்க. எப்படிச் செஞ்சாங்கன்னு கேளுங்க. நாம எழுதறவங்களா படிக்கிறோம்" என்பார் பிழையம்மா.

அந்த மாத நாவலில் ஒருத்தி, கப்பலேறிப் போன கணவனுக்காக மாடியறையில் காத்திருக்கிறாள். மழை. படிக்கட்டில் காலடிச் சத்தம். அங்கே கட்டச் சொன்னார்.

கண்ணாடிக்காரி எழுதினாள். எழுதிய தாளை அங்கேயே செருகினாள். ரப்பரைக் கழற்றி மீதியையும் படித்தாள்தான். ஆனால் கை அந்தத் தாளுக்கே போய்ப் போய் நின்றது. சாப்பிடும்போது ஒரு தரம், பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒரு தரம். ஆசைக்குக் கண்ணில்லை என்பார்கள். கண்ணாடிக் கடைக்காரியானாலும் அதுதானே?

கூட்டத்தன்று, இந்த முறை பேசியே தீருவது என்று உட்கார்ந்தாள். முறை வந்தது.

"அவன் உள்ள வந்ததும் எங்க இருந்தேன், எப்படி இருந்தேன்னு ஒண்ணும் சொல்லாம, செருப்பைக் கழட்டிக்கிட்டே 'அடுப்புல பால் தீயுது போல'ங்கறான் பாருங்க, அந்த இடம்! அவளும் ஒண்ணும் கேக்காம அடுப்படிக்கு ஓடறா. அத்தனை வருஷத்தையும் ஒரு பால் சட்டியில போட்டு மூடிட்டாரு எழுத்தாளர்!"

வட்டத்தில் இருந்த பல் டாக்டர் ஒருவர் வாயைத் திறந்தார்.

"அக்கா, எங்க புத்தகத்துல அந்தாள் வரவே இல்லையே! உங்களுக்கு மட்டும் தனியா அச்சடிச்சுக் கொடுத்தாங்களா?"

திரையில் கட்டம் கட்டமாகச் சிரிப்பு. அவள் பதறிப் பக்கத்தைப் புரட்டினாள். அச்சில் இருந்தது இதுதான்: காலடி அவள் கதவைத் தாண்டி மேல்மாடிக்குப் போய்விட்டது. படித்த பக்கம்தான். மனசுதான் அதை உள்ளே விடவில்லை. பால் தீயுது என்ற சொல், அவள் புருஷன் வாசலில் நின்று சொல்லிக்கொண்டே நுழைகிற சொல்.

"லைன் சரியில்லீங்க" என்று கணினியை மூடினாள். இனி அந்தப் பக்கமே தலைகாட்டுவதில்லை என்று முடிவு செய்தபோது போன் அடித்தது. பிழையம்மா.

"அது நீங்க எழுதின பக்கம்தானே?"

"மன்னிச்சிடுங்கம்மா."

"மன்னிப்பு யாரு கேட்டா? படிங்க. இங்க நான் மட்டும்தான் இருக்கேன்."

படித்தாள். முதலில் குரல் உடைந்தது, பிறகு சேர்ந்தது. படித்து முடித்தும் மறுமுனையில் சத்தமில்லை. லைன் நிஜமாகவே போய்விட்டதோ என்று பார்த்தாள்.

"அப்புறம்?" என்றார் பிழையம்மா. "அந்தப் பாலைக் குடிச்சாரா?"

வட்டத்தில் யாரும் கேட்கக் கூடாது என்று அவரே சொன்ன கேள்வி அது.

"தெரியலம்மா. அதுக்கு மேல எழுதப் பயமா இருந்துச்சு. குடிச்சிட்டு எழுந்து போயிட்டார்னா?"

"எழுதினாத்தானே தெரியும்? எழுதுங்க, நான் போனை வைக்கல."

அவள் போனை அணைக்காமல் மேசைமேல் வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தாள். வெளியே காலடி படியேறி, அவள் கதவைத் தாண்டி மேலே போனது. அவள் நிமிரவில்லை.