வேணிக்கு வராத சால்வை

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. அன்றைக்கு மட்டும் எப்படி அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேனோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் எங்களுக்குப் பயிலரங்கு. எங்களுக்கு என்றால், சம்பளம் வாங்காமல் ஊர் ஊராக மாலை வகுப்பு எடுக்கும் தன்னார்வ ஆசிரியர்களுக்கு. 'தன்னார்வலர்களைப் பாராட்டுவோம்' என்று மேடை அகலத்துக்கு ஃபிளெக்ஸ். கடைசியில் ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சால்வை போடுவதாக ஏற்பாடு.

பெருமுக்கல் ஊரில் வகுப்பு எடுக்கும் வேணி தன் மாமியார் கோவிந்தம்மாளையும் அழைத்து வந்திருந்தாள். மல்லாட்டைச் செடியிலிருந்து கடலை ஆய்கிற வேலையை விட்டுவிட்டு, இருக்கிற ஒரே பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார் அந்த அம்மா.

"'ஓசியில கத்திக்கினு கெடக்குறியே, எவன் ஒன்ன மதிக்கிறான்னு நானும் வந்து பாக்குறேன்'னு கெளம்பி வந்திருக்குதுக்கா," என்று வேணி என் காதில் கிசுகிசுத்தாள். "இன்னிக்கு மேடையில ஏத்திட்டாங்கன்னா போதும். அப்புறம் கிளாசுக்குப் போவாதன்னு சொல்லாது."

விழுப்புரத்திலிருந்து சிறப்பு விருந்தினர் வந்தார். கூடவே ஒரு படை. மேடை ஏறினவரை வெறுங்கழுத்தோடு உட்கார வைத்தால் மரியாதைக் குறைச்சலாயிற்றே! ஒருங்கிணைப்பாளர் துரைக்கண்ணு சார் விருந்தினருக்குப் போட்டார், அவரோடு வந்தவர்களுக்கெல்லாம் போட்டார், மண்டபக்காரரைக்கூட விடவில்லை. எங்கள் பேரை வாசிக்க ஆரம்பித்தார். வேணியின் பேர் வருவதற்குள், பாதியிலேயே சால்வை அட்டைப்பெட்டி காலி.

"மீதி டீச்சருங்களுக்கு எல்லாரும் பலமா கைதட்டுங்க!" என்றார். தட்டினார்கள். வேணியும் தட்டினாள்.

கோவிந்தம்மாள் எழுந்து விறுவிறுவென்று வெளியே போனார். வேணி பின்னாலேயே ஓடினாள்.

விருந்தினர்கள் கிளம்பியதும் பார்த்தால், அவர்களுக்குப் போட்ட சால்வைகள் நாற்காலிகளிலேயே கிடந்தன. ஒன்றை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு ஓடி, வேணியின் தோளில் போட்டேன்.

கோவிந்தம்மாள் அதன் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"யாரோ வாணாம்னு போட்டுட்டுப் போனதுதானம்மா இது?"

நான் சால்வையின் மடிப்பை நீவிவிட்டேன்.

"எம்மருமவளுக்கு மேடையில சால்வ போடறாங்கன்னு தெரு முச்சூடும் சொல்லிட்டு வந்தேன். இப்ப எந்த மூஞ்ச வச்சிக்கினு ஊருக்குள்ள போவேன்?" அவர் குரல் உடைந்துவிட்டது. பிறகு வேணியைப் பார்த்து, "நாளையிலேர்ந்து நீ போவ வாணாம்டி. ஒன்ன இப்பிடி ஒக்கார வச்சி என்னால பாக்க முடியாது" என்றார்.

வேணி சால்வையை மடித்து என் கையில் கொடுத்தாள்.

"தென்னரசுன்னு ஒரு பையன், இப்பதான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறான்க்கா. அவன மட்டும் விட்டுடாதீங்க."

பஸ் வந்தது. மாமியாரின் பட்டுப்புடவை படியில் மாட்டாமல் தூக்கிப் பிடித்து ஏற்றிவிட்டு, அவளும் ஏறினாள்.

நான் மண்டபத்துக்குத் திரும்பியபோது, துரைக்கண்ணு சார் நாற்காலிகளில் கிடந்தவற்றைத் திரட்டி அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அதையும் குடுங்க மேடம். அடுத்த மீட்டிங்குக்கு ஆவும்."

கொடுத்தேன். "பெருமுக்கலுக்கு வேற டீச்சரைப் பாருங்க சார்" என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் வாயைத் திறந்திருந்தால் அழுதிருப்பேன்.