சனியைப் பார்க்க

கம்பத்தடிப் பெட்டியைத் திறந்து லைன்மேன் ஃப்யூஸைப் பிடுங்கியதும் தெரு முழுக்க இருண்டது. பழுதில்லாத விளக்கை அவர் அணைத்தது இதுதான் முதல் தடவை. விசாரணை வந்தால் வரட்டும். ஃப்யூஸைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சுவரைத் தடவியபடி வாசலுக்கு வந்தார்.

மனைவி சாய்வு நாற்காலியில் போர்வைக்குள் கிடந்தாள். இனி மருந்துக்கு வேலையில்லை, ஆசைப்பட்டதைக் கொடுங்கள் என்று டாக்டர் காலையில் கைவிரித்துவிட்டுப் போயிருந்தார். அவள் ஆசைப்பட்டது சாப்பாட்டுக்கு இல்லை. சனி கிரகம் வெறும் கண்ணுக்கே தெரிகிறது என்று ரேடியோவில் சொன்னதிலிருந்து ஒரே பாட்டு. வாசலுக்கு நேரே அவர் கையாலேயே மாட்டிய விளக்கோ, வானத்தையே வெளுத்து வைத்திருந்தது.

"சனியைப் போய் யாராவது தேடிப் பாப்பாங்களாடி? அதுவா வந்து பிடிச்சுக்கும்" என்றார், குரலை இழுத்துப் பிடித்துக்கொண்டு.

"அதெல்லாம் உங்களைக் கட்டிக்கிட்ட அன்னைக்கே பிடிச்சாச்சு. மூஞ்சியையாவது பாத்துக்குறேன்."

அவர் பக்கத்தில் மண்டியிட்டு, அவள் தாடையைத் தொட்டு மெல்லத் திருப்பினார். "எதிர்வீட்டு மாடிக்கு மேல பாரு. மஞ்சளா ஒண்ணு."

வெகுநேரம் தேடினாள். பிறகு, "ஆமாங்க!" என்றாள். "மினுக்கவே இல்லையே. உங்களை மாதிரியே உம்முனு இருக்கு."

அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இருட்டாக இருந்தது நல்லதாயிற்று. அவள் கையைத் தன் கைகளுக்குள் பொத்திக்கொண்டு, இவள் போன பிறகு இந்த வீட்டில் யாரோடு பேசுவேன் என்று நினைத்தார்.

எதிர்வீட்டிலிருந்து தையல்காரர் குரல் கொடுத்தார். "லைன்மேன் வீட்டு வாசல்லயே விளக்கு எரியலைன்னா எப்படிங்க? பொண்ணுங்க வேலை விட்டு வர்ற நேரம்!"

"ரெண்டு நிமிஷம்!" என்று கத்திவிட்டு மனைவி பக்கம் குனிந்தார். "இன்னும் தெரியுதா?"

அவள் கையைத் தேய்த்துவிட்டார்.

"குளிருதா?"

கையை அசைத்துப் பார்த்தார். மூக்கருகே விரலை வைத்தார். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, மறுபடியும் வைத்துப் பார்த்தார்.

எழுந்து போய் ஃப்யூஸை மாட்ட வேண்டும். மாட்டினால் வெளிச்சம் நேரே அவள் முகத்தில்தான் விழும். அதைப் பார்க்கிற தெம்பு அவருக்கு இல்லை. அப்படியே மண்டியிட்டிருந்தார்.

செருப்புச் சத்தம் தெருவைக் கடந்து வந்தது. தையல்காரர் கையில் டார்ச். "என்ன கோளாறுங்க? நான் வேணா டார்ச் பிடிக்கட்டுமா?"

"அணைச்சிருங்க" என்றார் லைன்மேன். "அவ சனியைப் பாத்துட்டு இருக்கா."

"அடடா, தெரியாதுங்க." தையல்காரர் டார்ச்சை அணைத்தார். சத்தமில்லாமல் வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"எதுங்க அது?"

லைன்மேன் அவள் கையை விடாமலே இன்னொரு கையை நீட்டிக் காட்டினார்.

"உங்க மாடிக்கு மேல. மினுக்காம இருக்கு பாருங்க."