கையைப் பிடிக்கிற பிள்ளை

எண்ணூர் சாலையில் ட்ரெய்லர் வரிசையில் இரண்டு நாள் கிடந்து, துறைமுகத்தில் கன்டெய்னர் பெட்டியை இறக்கிவிட்டு எத்திராஜ் திருவொற்றியூர் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது காலை எட்டரை மணி. மனைவி சினேகா வேலைக்குக் கிளம்பிக்கொண்டே பிள்ளையைத் தூக்கி அவன் கையில் கொடுத்தாள்.

"பத்து மணிக்கு ஹெல்த் சென்டர்ல தடுப்பூசி. அப்பால நர்ஸம்மா ஏதோ கேள்வி கேப்பாங்களாம். எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லிட்டு வா."

"இன்னா கேள்வி?"

"புள்ள நல்லா கீதான்னுதான். ஒண்ணுக்கு இல்லன்னு சொன்னாலும் சீட்டுல எழுதிடுவாங்க. அப்புறம் தெரு பூரா அதான் பேச்சு."

பிள்ளை வெற்றிக்கு ஒன்றரை வயது முடிந்து இரண்டு மாதம். இன்னும் ஒரு வார்த்தை வரவில்லை. எத்திராஜுக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. அவன் வீட்டுக்குள் நுழைந்ததும் பிள்ளை வந்து கையைப் பிடிப்பான். நேரே ஃபேன் சுவிட்சுக்கு இழுத்துப் போவான். மாதத்தில் பத்து நாள்கூட வீடு தங்காத தகப்பனுக்கு வேறென்ன வேண்டும்? வரிசையில் நிற்கிற டிரைவர்களிடம் சொல்லிச் சொல்லி அவனுக்கு அலுக்காது. "உன் புள்ள கையப் புடிக்கிறான் மாமு, என் புள்ள நேரா பாக்கெட்டத்தான் புடிக்கிறான்" என்பான் அலி அக்பர்.

ஊசி போட்டு, அழுகை ஓய்ந்தபின் நர்ஸ் அன்புக்கரசி இருபது கேள்விகள் உள்ள தாளை எடுத்தாள்.

"பேர் சொல்லிக் கூப்ட்டா திரும்பறானா?"

"ஆமாம்மா."

"வேணுங்கறத விரல் நீட்டி..."

"ஆமா."

"அண்ணே, நான் இன்னும் கேள்வியே முடிக்கல."

எத்திராஜ் கண்ணைக் கசக்கிக்கொண்டான். தூக்கம் ஆளைத் தள்ளியது.

"சரி, நீங்களே சொல்லுங்க. ஒண்ணு வேணும்னா எப்படிக் கேப்பான்?"

"கையப் புடிச்சி இஸ்துகினு போவாம்மா. எம்மேல அவ்ளோ பாசம்."

அவள் பேனா நின்றது. "இழுக்கும்போது உங்க மூஞ்சியப் பாப்பானா?"

அவன் யோசித்துப் பார்த்தான். ஞாபகம் வரவில்லை. அதற்குள் வெற்றி மடியிலிருந்து இறங்கி, அவன் மணிக்கட்டைப் பிடித்துச் சுவரோரம் இழுத்தான்.

"ஃபேனப் போடாதீங்க. சும்மா நில்லுங்க" என்றபடி அவளும் பக்கத்தில் வந்து நின்றாள்.

பிள்ளை தகப்பன் கையை மேலே தூக்கிச் சுவிட்சுப் பக்கம் தள்ளினான். அந்தக் கையோடு ஓர் ஆள் இருப்பதாகவே அவன் காட்டிக்கொள்ளவில்லை. கண் முழுக்க ஃபேன் இறக்கையில். இன்னொரு முறை தள்ளினான். பிறகு மேலே பார்த்தபடியே அழத் தொடங்கினான்.

"வெற்றி, நைனாவப் பாருடா." எத்திராஜ் குனிந்தான். "டேய், இங்க பாரு."

பார்க்கவில்லை.

நர்ஸ் காத்திருந்தாள். அவன் சொல்வதைத்தான் அவள் எழுதுவாள். இன்னொரு ஆமா சொன்னால் பதினோரு மணிக்குப் படுக்கலாம். சினேகாவும் ஒன்றும் கேட்க மாட்டாள்.

"இல்லம்மா, பாக்க மாட்டான்" என்றான். "முன்ன சொன்னதெல்லாமும் சும்மா சொன்னது. முதல்லேர்ந்து கேளும்மா."

அவள் புதுத் தாள் எடுத்தாள். இந்த முறை நேரமானது. பாதிக் கேள்விக்கு, "தெர்லம்மா, நான் வூட்ல இருந்தாத்தான?" என்பதுதான் பதில்.

"இதை வச்சு ஆட்டிசம் அது இதுன்னு ஒண்ணும் முடிவு பண்ண முடியாதுண்ணே. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் பாத்துதான் சொல்லணும். செவ்வாக்கிழம போங்க, தள்ளிப் போடாதீங்க. இந்த வயசுலயே ஆரம்பிச்சா மூஞ்சியப் பாத்துக் கேக்கப் பழக்கறது சுலபம்."

"அப்ப பாசம்னு நான் நெனச்சது?"

"அது வேற, இது வேற. நானுந்தான் கிட்டக்க நின்னேன். என் கையையா புடிச்சான்?"

வீட்டுக்கு வந்தும் அவன் படுக்கவில்லை. சினேகா ஆறு மணிக்கு வருவாள். சீட்டைப் பார்த்ததும் முதலில் கத்துவாள். அலி அக்பருக்குப் போன் போட்டான்.

"செவ்வாக்கிழம லோடு என்னால முடியாது மாமு. நீ எடுத்துக்க."

"இன்னா, புள்ள கையப் புடிச்சிகினு வுட மாட்டேன்றானா?"

வெற்றி அவன் மணிக்கட்டைப் பிடித்துச் சுவிட்சுப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தான்.

"ஆமா" என்றான் எத்திராஜ். போனை வைத்துவிட்டு, முழங்கால் விண்ணென்று வலிக்க, பிள்ளைக்கும் சுவிட்சுக்கும் நடுவில் முகம் எதிரே இருக்கும்படி உட்கார்ந்தான்.